உஷார்! மீந்த சோறு மாட்டைக் கொல்லும்

வீட்டில் மாடு இருக்கிறதா? கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு இதைப் படியுங்கள்.

சின்னசேலம் பக்கம் ஒரு அக்கா. மகளுக்கு வளைகாப்பு முடிந்து அரை அண்டா சோறு மீந்துவிட்டது. குப்பையில் கொட்ட மனம் வருமா? 'வாயில்லா ஜீவன், வயிறாரத் தின்னட்டும்' என்று அத்தனையும் தொட்டியில் கொட்டினார். கறவைப் பசு வழித்து நக்கித் தின்றது. ராத்திரி அது அசைபோடவே இல்லை. நிறையத் தின்ற அசதி என்று நினைத்துக்கொண்டார். விடிந்தபோது பசுவால் எழ முடியவில்லை. சாணி தண்ணீராக, புளித்த வாடையோடு. மருத்துவர் வந்து சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

சோறு கெட்டுப்போகவில்லை. விஷமும் கலக்கவில்லை. சோறேதான் எமன்!

வைக்கோலும் சோறும் ஒரே குளுக்கோஸ் மணிகளால் கோத்த சங்கிலிகள்தான். கோத்த விதம்தான் வேறு. வைக்கோலின் செல்லுலோஸ் நேரான இழை. பக்கத்து இழையோடு இறுகப் பிணைந்து கிடக்கும். செடியை நிமிர்த்தி நிறுத்துவதே அதுதான். மாட்டின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதை மெல்ல மெல்லத்தான் பிரிக்கும். சோற்றின் மாவுச்சத்தோ செடி சேமித்து வைத்த சாப்பாடு. சுருள் சுருளாகத் தளர்ந்திருக்கும்; வேகவைத்தால் இன்னும் இளகும். அண்டா அண்டாவாக உள்ளே போனால் கிருமிகள் அதைக் கடகடவென்று லாக்டிக் அமிலமாக்கிவிடும். வயிறு புளிக்கும். உடம்பின் நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படும். ரத்தமும் அமிலமாகும்.  

பொங்கல், இட்லி மாவு, கஞ்சி, களத்தில் காயும் மக்காச்சோளம்... எல்லாமே இந்தக் கணக்குதான். மாட்டுப் பொங்கலன்று பாசத்தில் ஊட்டுவீர்களே, ஒரு கவளத்தோடு நிறுத்துங்கள்!

கல்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் மரவள்ளி போட்டிருப்பவர்களுக்கு இரட்டை ஆபத்து. கிழங்கு முழுக்க மாவு. பச்சை இலையிலும் தோலிலும் சயனைடு விஷம் வேறு. ஆடு ஒரு வாய் மேய்ந்தாலும் அலட்சியம் வேண்டாம். சேகோ ஆலையில் மிஞ்சும் கிழங்குச் சக்கையான திப்பியைப் பழக்காமல் ஒரேயடியாகக் கொட்டுவதும் தப்பு.

எப்படிக் கண்டுபிடிப்பது? இடது விலாவுக்குப் பின்னால் முட்டிக் கையை அழுத்தி வையுங்கள். நல்ல மாடென்றால் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை வயிறு உங்கள் கையைத் தள்ளும். தள்ளவில்லையா? உஷார்! பாதித்த மாடு அசைபோடாது. பல்லை நறநறவென்று கடிக்கும். இடது பக்கம் உப்பும். சாணியில் பருக்கை தெரியும். பால் சட்டென்று குறையும். கண் குழி விழும், தள்ளாடும். படுத்துவிட்டால் ஒவ்வொரு நிமிடமும் உயிர்தான்.

அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நிறையத் தின்றது தெரிந்த நொடியே 1962-க்குப் போன் போடுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும். எவ்வளவு தின்றது, எப்போது தின்றது என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். படுத்த மாட்டின் வாயைப் பிளந்து எண்ணெய் ஊற்றவே ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் இறங்கும். அமிலத்தை முறிக்கக் கொடுக்கும் சமையல் சோடா எவ்வளவு என்பதையும் மருத்துவர் சொல்லட்டும்.

அந்த அக்கா வீட்டில் இப்போது வேறொரு பசு நிற்கிறது. விசேஷம் என்றால் முதல் வேலையாக அண்டாவை மொட்டை மாடிக்கு ஏற்றிவிடுகிறார்.