லாரிக் கதவின் உள்ளே

கொச்சியில் மட்டாஞ்சேரி பழைய வணிக ஊர். பக்கத்தில் காயல். சற்றுத் தள்ளிக் கடல். மிளகு, சுக்கு, ஏலக்காய் வாசம் வீசும் கிடங்குகள் இங்கே உண்டு. தமிழ்நாட்டில் இருந்து பல லாரிகள் கொச்சிக்கு வருகின்றன. வாளையாறு, பாலக்காடு, திருச்சூர் வழியாக அவை வந்து சேரும்.

இந்த ஊரில் மழை அதிகம். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வது சுமார் 1,400 மில்லிமீட்டர்தான். கொச்சியில் ஜூன் மாதம் தொடங்கும் மழை செப்டம்பர் வரை பெய்யும். ஐப்பசியில் மறுபடியும் வரும். போதாததற்கு உப்புக் காற்று வேறு. மழையும் உப்பும் சேர்ந்தால் இரும்புக்கு எதிரி.

லாரியில் துரு முதலில் எங்கே பிடிக்கும்? நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பிடிக்கும். அப்படி ஓர் இடம் கதவின் உள்பக்கம்.

கதவுக்குள் என்ன இருக்கிறது?

லாரியின் கதவு ஒற்றைத் தகடு அல்ல. வெளியே ஒரு தகடு. உள்ளே ஒரு தகடு. நடுவில் வெற்றிடம். கண்ணாடியை இறக்கினால் அது இந்த இடத்துக்குள்தான் போகிறது. கண்ணாடியை ஏற்றி இறக்கும் கிளாஸ் மெஷினும் இங்கேதான் இருக்கிறது. கதவுப் பூட்டும், கைப்பிடியில் இருந்து பூட்டுக்குப் போகும் கம்பியும் இங்கேதான் இருக்கின்றன.

இவற்றை மூடி ஓர் உள்பலகை இருக்கும். இதை மெக்கானிக்குகள் டோர் பேட் என்பார்கள். பழைய லாரிகளில் இது ரெக்சின் ஒட்டிய பலகை. புதிய லாரிகளில் பிளாஸ்டிக். பலகைக்குப் பின்னால் ஒரு பாலித்தீன் தாள் ஒட்டியிருக்கும்.

மழை பெய்யும்போது கண்ணாடியில் வழியும் நீரில் கொஞ்சம் கதவுக்குள் இறங்கும். இது பழுது அல்ல. எல்லா வண்டியிலும் நடப்பதுதான். அந்த நீர் வெளியே போகக் கதவின் அடியில் சிறு ஓட்டைகள் வைத்திருப்பார்கள். நீர் ஓட்டுநர் அறைக்குள் வராமல் பாலித்தீன் தாள் தடுக்கும்.

ஓட்டை அடைத்துக்கொண்டால்தான் தொல்லை. சாலைத் தூசியும் சேறும் சேர்ந்து ஓட்டையை மூடிவிடும். நீர் உள்ளேயே தேங்கும். கதவின் அடித்தகடு அரிக்கும். கிளாஸ் மெஷின் இறுகும். பூட்டு துருவேறும்.

கயிறு கட்டலாமா?

உள் கைப்பிடி வேலை செய்யவில்லை என்றால் சிலர் ஒரு கயிறு கட்டிக்கொள்வார்கள். வேறு சிலர் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே விட்டு, வெளிக் கைப்பிடியால் திறப்பார்கள். நாள்கள் ஓடும். பழகியும் போகும்.

ஆனால் ஓட்டுநர் அறையில் தீப்பிடித்தால் என்ன ஆகும்? வண்டி பள்ளத்தில் சாய்ந்தால் என்ன ஆகும்? கயிற்றைத் தேட நேரம் இருக்காது. கண்ணாடி இறங்காமல் போகலாம். கதவு உடனே திறக்க வேண்டும். அது உயிர் காக்கும் விஷயம்.

அதனால் கயிற்றை நம்பக் கூடாது. பலகையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பல சமயம் உள்ளே கம்பி கழன்றிருக்கும். அல்லது அதன் கிளிப் உடைந்திருக்கும். சின்ன வேலைதான்.

கழற்றும் முன்

வண்டியைச் சமமான இடத்தில் நிறுத்த வேண்டும். மட்டாஞ்சேரியின் பஜார் ரோடு போன்ற குறுகிய சாலையில் இந்த வேலை வேண்டாம். கதவு திறந்திருக்கும்போது பின்னால் வரும் வண்டி மோதிவிடும். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும்.

கதவில் மின்கண்ணாடியோ ஸ்பீக்கரோ இருந்தால் கண்ணாடியை முதலிலேயே முழுக்க ஏற்றிவிட வேண்டும். பிறகு பேட்டரியின் இணைப்பை எடுக்க வேண்டும். கனரக லாரியில் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு இருக்கும். இரண்டும் சேர்ந்து 24 வோல்ட். மைனஸ் கம்பியை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும்.

கையுறை அவசியம். உள்தகட்டின் ஓரம் கத்தி போல் கூர்மையாக இருக்கும்.

கழற்றும் முறை

முதலில் ஸ்க்ரூக்களைத் தேட வேண்டும். எல்லாம் வெளியே தெரியாது. கைப்பிடியின் குழிக்குள் ஒன்று இருக்கும். கை வைக்கும் திட்டின் அடியில் இருக்கும். சிறு பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னாலும் இருக்கும். ஸ்க்ரூ ஒன்று மிச்சம் இருக்கும்போது பலகையை இழுத்தால் பலகை உடைந்துவிடும்.

ஸ்க்ரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது. நீளமானதைத் தவறான இடத்தில் போட்டால் கண்ணாடியில் குத்தலாம். அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து, மேலே எழுதி வைக்க வேண்டும். 'கைப்பிடி', 'அடி வரிசை', 'முன் மூலை' என்று இரண்டொரு சொல் போதும். மாட்டும்போது குழப்பம் வராது.

அடுத்தது கண்ணாடியைச் சுற்றும் கைப்பிடி. சிலவற்றில் நடுவில் ஸ்க்ரூ இருக்கும். சிலவற்றில் இருக்காது. பின்னால் லாடம் போல் வளைந்த ஒரு கம்பிக் கிளிப் பிடித்திருக்கும். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. துணித் துண்டு ஒன்றைக் கைப்பிடிக்கும் பலகைக்கும் நடுவே விட வேண்டும். இரு முனையையும் பிடித்து இப்படியும் அப்படியும் இழுக்க வேண்டும். துணி கிளிப்பில் மாட்டி அதை வெளியே தள்ளிவிடும். கிளிப் தெறித்து ஓடும். உதவிக்கு ஒருவர் இருப்பது நல்லது.

“அண்ணே, கிளிப் எங்கே போச்சு?” என்று கிளீனர் கேட்பார். “தம்பி, சீட்டுக்கு அடியிலே பாரு” என்பார் ஓட்டுநர். முன்பே கீழே ஒரு துணியை விரித்து வைத்தால் இந்தத் தேடல் இல்லை.

இனி பலகை. அதன் ஓரத்தில் கிளிப்புகள் இருக்கும். பட்டி போடும் தகட்டில் துணி சுற்றி, கீழ் மூலையில் நுழைக்க வேண்டும். கிளிப் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நெம்ப வேண்டும். நடுவில் நெம்பினால் பலகை முறியும். ஒவ்வொரு கிளிப்பாக 'டப்' என்று விடும்.

எல்லாக் கிளிப்பும் விட்ட பிறகு பலகையை மேல்நோக்கித் தூக்க வேண்டும். பல வண்டிகளில் பலகையின் மேல் ஓரம் கண்ணாடி ஓரத்தில் கொக்கி போல் மாட்டியிருக்கும். உடனே தன் பக்கம் இழுக்கக் கூடாது. பின்னால் மின்கம்பியும் கைப்பிடிக் கம்பியும் இருக்கலாம். அவற்றைக் கழற்றிய பிறகே பலகையை எடுக்க வேண்டும்.

பாலித்தீன் தாளைக் கிழிக்காமல் மெல்ல உரிக்க வேண்டும். கிளாஸ் மெஷினைக் கழற்றுவதாக இருந்தால், கண்ணாடியை மேலே ஏற்றி டேப் ஒட்டி நிறுத்த வேண்டும். அல்லது மரக்கட்டை செருக வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடி சரிந்து விழுந்து கையை வெட்டும்.

உள்ளே செய்ய வேண்டியவை

கதவின் அடியில் சேர்ந்த சேற்றை அள்ள வேண்டும். ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறக்க வேண்டும். கொஞ்சம் நீர் ஊற்றிப் பார்த்தால் தெரியும். நீர் உடனே கீழே வழிந்தால் சரி.

ஈரம் காய்ந்த பிறகு துருவைத் தேய்த்து, துருத் தடுப்புப் பெயிண்ட் பூச வேண்டும். கிளாஸ் மெஷினின் பல்லுக்கும் பூட்டுக்கும் கிரீஸ் வைக்க வேண்டும். கண்ணாடி ஓரத்து ரப்பர் வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். கழன்ற கம்பியைப் புதுக் கிளிப் போட்டு மாட்ட வேண்டும்.

பலகையை மூடும் முன் சோதிக்க வேண்டும். கண்ணாடியை மூன்று முறை ஏற்றி இறக்க வேண்டும். பூட்டைச் சோதிக்கும்போது கதவு திறந்தே இருக்கட்டும். பூட்டின் நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி மூட வேண்டும். பிறகு கைப்பிடியை இழுத்தால் அது விடுபட வேண்டும். விடுபடாமல் இருக்கும்போது கதவை அறைந்து சாத்திவிட்டால், திறப்பது பெரும் பாடு.

மாட்டும் முறை தலைகீழ். பாலித்தீன் தாளை முதலில் ஒட்ட வேண்டும். அதைத் தூக்கி எறிந்தால் அடுத்த மழையில் பலகை ஊறிப்போகும். பிறகு பலகையின் மேல் ஓரத்தை மாட்டி, கிளிப்புகளை உள்ளங்கையால் தட்ட வேண்டும். கடைசியில் ஸ்க்ரூக்கள்.

புதிய லாரிகள்

புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்தது. ஆனால் பழைய லாரிகள் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் கண்ணாடிதான் ஓட்டுநருக்குக் காற்று. அது இறங்காவிட்டால் வெயிலில் அறை அடுப்பாகிவிடும். ஏறாவிட்டால் மழையில் நனைந்துகொண்டே ஓட்ட வேண்டும். இரண்டுமே ஓட்டுநரின் கவனத்தைக் கெடுக்கும்.

ஆண்டுக்கு ஒரு முறை, வைகாசி மாதத்தில், மழைக்கு முன்பே கதவைக் கழற்றிப் பார்த்துவிடலாம். கழற்றிய தேதியை லாரியின் நோட்டில் எழுதி வைக்கலாம். அடுத்த ஆண்டு எப்போது பார்க்க வேண்டும் என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடும்.