எம்.பி. இருக்கிறார், கட்சி எங்கே?

கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சியைத் தேர்தல் ஆணையம் 2025 செப்டம்பரில் பதிவுப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதையொட்டி எழுந்த சந்தேகங்களில் சில:

ஜெயிச்ச கட்சியை எப்படிங்க நீக்கலாம்?

ஆணையத்தின் ஏட்டில் ஜெயித்தது திமுக. நாமக்கல்லில் 2019-இல் ஏ.கே.பி.சின்ராஜ், 2024-இல் வி.எஸ்.மாதேஸ்வரன், இடையில் 2021-இல் திருச்செங்கோடு சட்டமன்றத் தொகுதியில் ஈ.ஆர்.ஈஸ்வரன் என மூவரும் நின்றது உதயசூரியனில். எந்தச் சின்னமோ அந்தக் கட்சியின் வேட்பாளர். சபையில் கொறடா உத்தரவும் அங்கிருந்துதான். ஆறு ஆண்டுகளாகத் தன் பெயரில் போட்டியிடாத கட்சிகள் என்று நாடு முழுக்க 474 கட்சிகளை ஆணையம் நீக்கியது. லெட்டர்பேடு கட்சிகளுக்கு விரித்த வலையில் இதுவும் மனிதநேய மக்கள் கட்சியும் சிக்கின.

தனியா நின்னிருக்கலாமே?

நின்று பார்த்தவர்தான் ஈஸ்வரன். 2009 பிப்ரவரியில் கருமத்தம்பட்டியில் கூடிய பெருங்கூட்டத்தின் சூட்டோடு பிறந்தது கொங்குநாடு முன்னேற்றக் கழகம். கள் இறக்க அனுமதி கேட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தச் சொன்னதால் சாதிக் கட்சி என்ற பேரும் சேர்ந்தே வந்தது. சில மாதங்களில் மக்களவைத் தேர்தல். கோவையில் அதன் வேட்பாளரான ஈஸ்வரனுக்கு 1.28 லட்சம் வாக்குகள். மார்க்சிஸ்ட் பி.ஆர்.நடராஜன் காங்கிரசின் ஆர்.பிரபுவை வென்ற வித்தியாசமோ 38 ஆயிரத்துச் சொச்சம்தான். முடிவையே புரட்டிப்போடக்கூடிய வாக்குகள் அவை. ஆனாலும் மூன்றாமிடம், பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாததால் டெபாசிட்டும் போனது. ஒரு மண்டலத்துக்குள் பரவிக் கிடக்கும் வாக்கு பயமுறுத்தும், டெல்லிக்கு அனுப்பாது. பெரிய கட்சிகள் கூட்டணிக்குக் கூப்பிட அந்த பயம் போதும். ஈஸ்வரன் 2013-இல் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சியைத் தனியாகத் தொடங்கியபோது இந்தக் கணக்கு அவருக்கு நன்றாகவே தெரியும்.

ஒரு சீட்டுக்குச் சொந்தச் சின்னம் கிடைக்காதுங்களா?

கிடைக்கும், கேட்ட சின்னம் கிடைப்பதுதான் கஷ்டம். பொதுச் சின்னம் கேட்க மக்களவைத் தேர்தலில் இரண்டு தொகுதியிலாவது நிற்க வேண்டும். 2024-இல் திருச்சியில் மட்டும் நின்ற மதிமுகவுக்குப் பம்பரம் மறுக்கப்பட்டது. கடைசி நேரத்தில் கையில் வந்த தீப்பெட்டியோடு துரை வைகோ 3 லட்சத்துக்கும் அதிக வித்தியாசத்தில் வென்றார். கூட்டணி வாக்கு ஒழுங்காக விழுந்தால் புதுச் சின்னம் தடையில்லை. அந்தத் துணிச்சலை நாமக்கல்லில் காட்டியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

அப்ப எம்.பி. பதவி?

அதற்கு ஆபத்தில்லை, அது திமுக கணக்கில் இருக்கிறது. கட்சிக்குத்தான் இழப்பு: வருமான வரிச் சலுகையும் பொதுச் சின்னம் கேட்கும் தகுதியும் போகும். ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யத் தரப்பட்ட அவகாசம் 30 நாள்.