அந்தமானா, இலங்கையா? எந்த மாசம் எந்த பீச்சுக்குப் போகலாம்?

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் நாலாவது ஸ்டேஷன் திரிசூலம். எதிரிலேயே ஏர்போர்ட். அங்கிருந்து விமானத்தில் கொழும்பு சுமார் ஒன்றரை மணி நேரம், போர்ட் பிளேர் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம் பக்கம் இருக்குறவங்களுக்கு, ரயிலில் கோயம்புத்தூர் போய்ச் சேரும் நேரத்தை விட இது குறைவு.

அதனால லாங் வீக்கெண்ட் வந்தாலே பலரும் தீவுக்கு டிக்கெட் போட்டுடறாங்க. ஆனா எந்த பீச்? அதை ரீல்ஸ் பார்த்து முடிவு பண்றாங்க. அந்தக் கண்ணாடித் தண்ணீரை எந்த மாசம், எந்த நேரத்தில் எடுத்தாங்கன்னு ரீல்ஸில் இருக்காது. தப்பான மாசத்தில் தப்பான கரைக்குப் போனால் பணம் வீண். சில நேரம் உயிருக்கே ஆபத்து.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் மாசம், அப்புறம் பீச்

இலங்கையை எடுத்துக்கோங்க. ஒரே தீவுதான், ஆனால் இரண்டு பருவமழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும். அப்போ ஹிக்கடுவ, உனவடுன, மிரிஸ்ஸ இருக்கும் தெற்கு, மேற்குக் கரையில் கடல் கொந்தளிப்பா இருக்கும். அதே நேரம் கிழக்குக் கரை அமைதியா இருக்கும். திருகோணமலை பக்கம் நிலாவெளி, உப்புவெளி, மட்டக்களப்பு மாவட்டத்தில் பாசிக்குடா எல்லாம் அப்போதான் சரி. டிசம்பர் முதல் மார்ச் வரை கதை தலைகீழ். கிழக்கில் மழை, தெற்கில் நல்ல வெயில்.

அதாவது, பசங்களோட மே மாச லீவில் போறீங்கன்னா கிழக்குக் கரை. பொங்கல் லீவு என்றால் தெற்குக் கரை. கிழக்கில் இன்னொரு வசதி, பெரும்பாலான இடங்களில் தமிழிலேயே பேசிக்கலாம். இலங்கைக்கு பாஸ்போர்ட் கட்டாயம். விசா விதிகள் அப்பப்போ மாறும், டிக்கெட் போடும் முன் பார்த்துடுங்க.

அந்தமானுக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல நேரம். மே மாசக் கடைசியில் பருவமழை தொடங்கிவிட்டால் தீவுகளுக்கு இடையே ஓடும் படகுகள் ரத்தாகலாம். திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளே போர்ட் பிளேர் வந்துடறது நல்லது.

பெயர் குழப்பம் வேண்டாம்: 2018-ல் ஹேவ்லாக் ‘ஸ்வராஜ் தீவு’ ஆனது, நீல் ‘ஷஹீத் தீவு’ ஆனது. 2024-ல் போர்ட் பிளேருக்கு ‘ஸ்ரீ விஜய புரம்’ என்று பெயர் மாற்றினார்கள். டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் ஊர் அதேதான்.

உங்களுக்கு என்ன வேணும்?

ஹேவ்லாக்கில் மேற்குப் பக்கம் இருக்கும் ராதாநகர் பீச், நீளமான மணல் கரை. சூரிய அஸ்தமனம் பார்க்க சரியான இடம். நம்ம ஈசிஆர் கோவளம் மாதிரி இதுவும் நீலக்கொடி சான்று பெற்றது. ராதாநகருக்கு 2020-ல், கோவளத்துக்கு 2021-ல் கிடைத்தது. தண்ணீர் தரம், சுத்தம், பாதுகாப்பு வசதி இதையெல்லாம் பார்த்துத் தரும் சான்று அது. ‘இங்கே அலையே இருக்காது’ என்ற உத்தரவாதம் கிடையாது.

பவளப்பாறையும் மீனும் பார்க்கணும்னா எலிபன்ட் பீச். அங்கே ஸ்நார்க்கெல்லிங் பிரபலம். சூரிய உதயத்துக்கு கிழக்குப் பக்கம் காலாபத்தர். நீல் தீவில் பரத்பூர் பீச்சில் ஆழம் குறைவு. பாசிக்குடாவிலும் ரொம்ப தூரம் வரை இடுப்பளவுத் தண்ணீர்தான், சின்னக் குழந்தைகள் இருக்கும் குடும்பத்துக்கு ஏற்றது.

கடல் உள்வாங்கினால் பயப்படாதீங்க

சென்னைக் கடற்கரையில் ஓதம் ஏறுவதும் இறங்குவதும் நமக்குப் பெரிசா தெரியாது. அந்தமானில் நல்லா தெரியும். காலையில் குளித்த இடம் மதியம் வெறும் பாறையா கிடக்கும். பவளப்பாறை காலைக் கிழிக்கும், அதனால் ரப்பர் செருப்பு அவசியம். ஆனால் நீல் தீவில் இருக்கும் இயற்கைப் பாலத்தைப் பார்க்க, தண்ணீர் இறங்கிய நேரம்தான் வசதி. அன்றைய ஓத நேரத்தை ஹோட்டலில் கேட்டால் சொல்லிடுவாங்க.

இந்த இரண்டு ஆபத்தை மறக்காதீங்க

ஒன்று, கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம். இருபக்கமும் அலை வெள்ளையா உடையும்போது, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியா, கருமையா தெரிந்தால் உஷார். பார்க்க பாதுகாப்பா இருக்கும் அந்த இடம்தான் ஆளை உள்ளே இழுக்கும். மாட்டிக்கிட்டா கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீங்க, களைத்துப் போயிடுவீங்க. மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்க. நீச்சல் தெரிந்தால், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தப் பட்டையை விட்டு வெளியே வாங்க.

இரண்டு, அந்தமானின் உப்புநீர் முதலை. 2010-ல் ராதாநகர் அருகே நீல்ஸ் கோவ் பகுதியில் ஸ்நார்க்கெல்லிங் செய்த அமெரிக்கப் பெண் ஒருவர் முதலை தாக்கி இறந்தார். ஓடைகள் கடலில் கலக்கும் இடம், அலையாத்திக் காட்டை ஒட்டிய பகுதி, இருட்டிய பிறகு கடல்: இந்த மூன்றும் வேண்டவே வேண்டாம். எச்சரிக்கைப் பலகையும் உயிர்காப்பாளர் விசிலும் சும்மா இல்லை.

புக் பண்ணும் முன்

போகும் மாசத்தில் அந்தக் கரையில் என்ன பருவம்? நமக்கு வேண்டியது குளியலா, பவளப்பாறையா, சும்மா உட்கார ஒரு மணல் கரையா? அங்கே உயிர்காப்பாளர் இருக்காரா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகு ஹோட்டலைத் தேடுங்க. கிளம்பும்போது பவளத் துண்டை மட்டும் பையில் போடாதீங்க, வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.