நாடி பிந்தும்

யாழ்ப்பாணம் தட்டை நிலம். கீரிமலையிலும் பெயரில்தான் மலை. மேடேற வேண்டுமென்றால் ட்ரெட்மில்லைத்தான் சாய்க்கவேண்டும்.

எவ்வளவு கடுமையாக ஓடுவது? 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால் உச்ச நாடித்துடிப்பு. 40 வயதுக்கு 180. இது சராசரிதான், ஆளுக்காள் பத்துத் துடிப்பு விலகலாம். நோர்வேக்காரரின் முறையில் 4 நிமிடம் உச்சத்தின் 85–95 சதவீதம், அதாவது 153–171. பிறகு 3 நிமிடம் மெல்லோட்டம். இப்படி நாலு தரம்.

பெல்ட்டின் வேகத்தைக் கூட்டியவுடன் நாடி ஏறிவிடாது. ஒன்றிரண்டு நிமிடம் பிந்தும். முதல் நிமிடத்திலேயே எண்ணைத் துரத்தினால் களைத்துப்போவீர்கள். 30 விநாடி ஓட்டத்துக்கு இந்தக் கணக்கே உதவாது.

சித்திரை வெக்கையில் இன்னொரு கூத்து. வியர்த்து இரத்தத்தின் நீர் குறையும். உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் இரத்தம் போகும். ஒரு துடிப்பில் வெளியேறும் அளவு குறைய, அதே வேகத்துக்கே இதயம் கூடுதலாக அடிக்கும். அப்போது குறைக்கவேண்டியது வேகத்தை.