கடலோரத்து மேடைகள் – 9: பாடியவருக்குப் பேர், அடித்தவருக்குக் கூலி

ஏப்ரல் 15 பிறந்தால் விசைப்படகுகள் கரையோடு கட்டப்பட்டுவிடும். ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் இன்ஜினைப் பிரித்துப் போட்டு, கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருப்பார்கள். நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது. ஆகவே கட்டுமாவடிச் சந்தைக்கு அப்போதும் மீனும் நண்டும் வரும்; விலைதான் கிட்டே நெருங்கவிடாது. உள்நாட்டில் அதே சித்திரை வைகாசியில்தான் ஊருக்கு ஊர் அம்மன் கோயில் காப்புக்கட்டு. நாட்டுப்புறக் கலைக்குழுக்களுக்கு அதுதான் சீசன். புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையின் வடக்குக் கோடி கட்டுமாவடி. கொஞ்சம் தாண்டினால் தஞ்சாவூர் மாவட்டம், சேதுபாவாசத்திரம். அறந்தாங்கிப் பக்கமிருந்தும் பேராவூரணிப் பக்கமிருந்தும் வருகிறவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிக்கிற இடம். சீசனில் இந்த முக்கத்தில் நின்றால், தலையில் ஸ்பீக்கர் பெட்டியையும் உள்ளே தூங்கும் மேளக்காரர்களையும் சுமந்துகொண்டு போகும் வேன்களைப் பார்க்கலாம்.

அந்த வேன்களில் ஒன்றின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஃப்ளக்ஸிலிருந்து இந்த வாரக் கதையைத் தொடங்கலாம். நடுவில் பாடகரின் படம், பக்கத்தில் பாடகியின் படம். அடியில், எறும்பு எழுத்தில், ‘மற்றும் குழுவினர்’.

இந்த மாவட்டத்தில் அப்படி முகம் பெற்றவர்களில் முதலில் நினைவுக்கு வருகிறவர்கள் செந்தில் கணேஷும் ராஜலட்சுமியும். செந்தில் புதுக்கோட்டை மாவட்டம் களபத்துக்காரர். ராஜலட்சுமிக்குத் திண்டுக்கல். 2018-இல் விஜய் டிவியின் சூப்பர் சிங்கர் ஆறாவது சீசனில் கணவனும் மனைவியும் ஒன்றாகக் களமிறங்கினார்கள். ஜூலையில் செந்தில் பட்டம் வென்றார். திடீரென்று முளைத்தவர்கள் என்று பலர் நினைத்தார்கள். கோயில் மேடைகளில் பாடிப் பாடி முற்றிய குரல்கள் அவை. நள்ளிரவு தாண்டியும் கூட்டத்தை எழுந்து போகவிடாமல் உட்காரவைக்கத் தெரிந்தவருக்கு, ஏசி அரங்கில் சில நிமிடம் பாடுவது எம்மாத்திரம்?

அடுத்த ஜனவரிக்குள் சினிமா வந்துவிட்டது. ‘விஸ்வாசம்’ படத்தில் டி. இமான் இசையில் ஒரு பாட்டு. அதே மாதம் ‘சார்லி சாப்ளின் 2’ படத்தில் ‘சின்ன மச்சான்’. எழுதியவர் செல்ல தங்கையா. செந்தில் நாயகனாக நடித்த ‘கரிமுகன்’ படத்தை இயக்கியவரும் அவரே. ‘சின்ன மச்சான்’ முதலில் மேடைப் பாட்டு. திருவிழாவில் கைதட்டு வாங்கித் தேறிய பிறகே ஸ்டுடியோவுக்குள் போனது. 2021-இல் ‘புஷ்பா’ தமிழ்ப் பதிப்பின் ‘சாமி சாமி’ ராஜலட்சுமிக்குக் கிடைத்தது. 2023-இல் ‘லைசென்ஸ்’ படத்தில் அவரே நாயகி.

ஆனால் செந்தில் பட்டம் வென்ற நான்காம் மாதமே, 2018 நவம்பர் 16 அதிகாலையில், கஜா புயல் கரையேறியது. இந்தக் கரையில் படகுகள் நொறுங்கின. பேராவூரணி, ஆலங்குடிப் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி தண்டித்தான் கச்சேரிக்கு முன்பணம் தருவார்கள். காய்க்கிற மரம் படுத்துவிட்ட ஊரில் வரியை எந்த வாயால் கேட்பது? அந்த அடி ஆறுமுன் 2020-இல் கொரோனா. சித்திரைத் திருவிழாக்கள் ஊரடங்கிலேயே கழிந்தன. டிவியில் முகம் தெரிந்தவர்களுக்குப் பாட்டுப் பதிவும் யூடியூபும் கைகொடுத்தன. தவில்காரர் என்ன செய்வார்? ஒரு சீசன் வருமானத்தை வைத்து வருஷத்தை ஓட்டுகிறவர் அவர்.

குழுவுக்கு ஒரே முகம் என்ற இந்த வழக்கத்தைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். இளையான்குடிக்குப் பக்கத்து மாரந்தையில் 1955-இல் பிறந்தவர் கே.ஏ. குணசேகரன். பேராசிரியர், நாடகக்காரர், ‘வடு’ என்ற தன்வரலாற்றை எழுதியவர். அதெல்லாம் சேர்ந்தும் அவருடைய ‘தன்னானே’ கலைக்குழுவுக்கு ஈடாகாது என்பது என் கட்சி. வயல்காட்டிலும் சாவு வீட்டிலும் கேட்ட பாட்டுகளை அவர் அப்படியே மேடைக்குக் கொண்டுவந்தார். பறையை மேடையின் ஓரத்தில் ஒளித்துவைக்கவில்லை. இன்குலாபின் ‘மனுசங்கடா’ கவிதைக்கு மெட்டமைத்து அவர் பாடியது கேசட் காலத்தில் எங்கெங்கோ போய்ச் சேர்ந்தது. கட்சிக் கூட்டம், கல்லூரி விழா, தெருமுனை என்று கோயில் மேடைக்கு வெளியே நாட்டுப்புறப் பாட்டுக்கு வேறொரு மேடை இருக்கிறது என்று காட்டிய குழுக்களில் அது முக்கியமானது.

கொல்லங்குடி கருப்பாயி அவரோடு மேடைகளில் பாடியவர். பாண்டியராஜன் 1985-இல் ‘ஆண் பாவம்’ படத்துக்கு அழைத்தபோது, வானொலி கேட்கிறவர்களுக்கு ஏற்கெனவே பழகிய குரல் அவருடையது. சின்னப்பொண்ணுவும் குணசேகரன் குழுவில் பாடி வளர்ந்தவர்தான். பிறகு ‘சந்திரமுகி’யில் பாடினார், 2008-இல் ‘நாக்க முக்க’ அவரை நாடெங்கும் கொண்டுபோனது.

2016 ஜனவரியில் குணசேகரன் மறைந்தார். அவரிடம் பாடியவர்கள் ஆளுக்கொரு பக்கம் பெயர் பெற்றார்கள். ஆனால் தன்னானே என்றதும் இன்றைக்கும் நமக்கு நினைவு வருவது குணசேகரன் என்ற ஒரே முகம்.

ஒரு குழு ஒரே முகமாகச் சுருங்கிவிடுவதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் கனடாவின் கியூபெக்கில் இருக்கிற ஒரு குழுவை நினைத்துக்கொள்வேன். பிரெஞ்சு பேசும் அந்த மாநிலத்தில், ஜோலியெத் என்ற ஊர்ப் பக்கம், 1976-இல் தொடங்கியது ‘லா போத்தீன் சூரியான்த்’. சிரிக்கும் காலணி என்று பொருள். பனிக்கால இரவுகளில் சமையலறையில் கூடிப் பாடிய குடும்பப் பாட்டுகள்தான் அவர்களுடைய சரக்கு. ஒருவர் ஒரு வரி பாட, மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள்; நடவு நடுகிற நம் பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். பிடில், அக்கார்டியன். தாளத்துக்கு மத்தளம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி இரண்டு காலாலும் பலகையைத் தட்டுகிறார்கள். 1990 வாக்கில் அதோடு டிரம்பெட், டிராம்போன் என்று ஊதுகருவிகளைச் சேர்த்தார்கள். நம் கரகாட்டக் குழுவில் கீபோர்டும் பேடும் நுழைந்ததைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். வித்தியாசம், அவர்கள் பழைய காலடித் தாளத்தை விட்டுவிடவில்லை. நம்மிடம் பேடு வந்ததும் பல குழுக்களில் உறுமிக்காரரை வேனிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

அந்தக் குழுவின் முகமாக இருந்த ஈவ் லாம்பேர், கால் நூற்றாண்டுக்கு மேல் பாடிவிட்டு, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் விலகினார். தொடங்கியவர்கள் எல்லாருமே ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். குழு போகவில்லை. புதியவர்கள் வந்தார்கள், அதே பெயரில் மேடை ஏறினார்கள். அவர்களுடைய இசைத்தட்டில் யார் பிடில், யார் அக்கார்டியன், யார் கால் தட்டியவர் என்று ஒவ்வொரு பெயரும் அச்சாகியிருக்கும்.

வசதியான நாடு, கலைக்கு மானியம் தருகிற அரசு, ஒப்பிட முடியுமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் பெயரை அச்சடிக்க மானியம் தேவையில்லை. நம் ஊரில் பெயரைத் தடுப்பது பணத்தைவிடப் பழையது. தப்படிப்பவர், மேளக்காரர் என்று தொழிலைச் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கத்துக்குள் சாதி உட்கார்ந்திருக்கிறது. பாடகர் வேட்டி கட்டி மேடை நடுவில் நின்றால் ‘அண்ணே’. பின்னால் நின்று அடிப்பவர் அப்பா வயதிலிருந்தாலும் பல ஊர்களில் ‘ஏப்பா’தான். நோட்டீஸ் அடிக்கிற திருவிழாக் கமிட்டிக்காரர்களைச் சொல்லும்போது பத்திரிகைக்காரர்களையும் சொல்லியாக வேண்டும். நாட்டுப்புறப் பாடகரின் பேட்டி இல்லாத தீபாவளி மலர் இல்லை. பம்பைக்காரரின் பேட்டியை எத்தனை மலரில் பார்த்திருக்கிறீர்கள்?

செந்தில், ராஜலட்சுமி போன்றவர்கள் நினைத்தால் இதை மாற்றலாம். இன்று கச்சேரி பேச வருகிற கமிட்டியிடம் நிபந்தனை போடும் இடத்தில் அவர்கள் இருக்கிறார்கள். நோட்டீஸில் தவில் இன்னார், நாதஸ்வரம் இன்னார், பம்பை இன்னார் என்று போட்டால்தான் வருவோம் என்று சொல்லட்டும். நான்கு வரி கூடும். அச்சகத்தில் அதற்குத் தனிக்காசு கேட்க மாட்டார்கள்.

(தொடரும்)