வன்னியில் ஆங்கிலேயர் காலூன்றிய வரலாறும் அதனைக் காணும் முறையும்

சென்ற காலத்தை நூல்வழி அறிவது ஒரு முறை. அது நிகழ்ந்த நிலத்துக்கே சென்று அறிவது மற்றொரு முறை. இவ்விரண்டையும் இணைக்கும் மூன்றாவதொரு முறையை மேனாட்டார் கைக்கொண்டுள்ளனர். பழைய ஊரொன்றின் வீடு, கொல்லுலை, மட்கலம், மரக்கலம் ஆகியவற்றை முன்னிருந்தவாறே அமைத்து, அக்கால உடையணிந்தோரைக் கொண்டு அக்காலத் தொழில்களைச் செய்து காட்டுவர். வாழும் வரலாற்றுப் பூங்கா எனத்தக்க இவற்றுள், ஆங்கிலேயரின் தொடக்கக் குடியேற்றங்களைக் காட்டுவன பெரும் புகழ் பெற்றவை.

அமெரிக்காவின் வேர்ஜீனியாவிலுள்ள ஜேம்ஸ்ரவுண், ஆங்கிலேயர் அந்நாட்டில் நிலைபெறச் செய்த முதற் குடியேற்றமாகும். 1607ஆம் ஆண்டு மே மாதத்தில் நூற்றுக்குச் சற்று மிகுந்தோர் மூன்று கப்பல்களில் வந்து, ஆற்றங்கரையில் மரவேலிக் கோட்டையொன்று கட்டினர். 1609-10 குளிர்காலத்துப் பஞ்சத்தில் அங்கிருந்த ஏறத்தாழ 300 பேருள் 60 பேரளவிலேயே எஞ்சினர். அக்குடியேற்றத்தின் 350ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1957இல் அதற்கு அண்மையில் பூங்கா அமைக்கப்பட்டது. அங்கே கோட்டையும் கப்பல்களும் மட்டுமன்றி, அந்நிலத்துப் பழங்குடியினரான பவ்ஹற்றன் மக்களின் ஊரும் அமைந்துள்ளது. வந்தோர் கதையும் இருந்தோர் கதையும் அருகருகே நிற்பது ஈண்டு நோக்கற்பாலது.

இத்தகைய பூங்கா எதுவும் வன்னியில் இல்லை. எனினும், ஆங்கிலேயர் காலூன்றிய களங்கள் இங்கும் உள. வேறுபாடொன்றை முதலிலேயே உணர்தல் வேண்டும். வேர்ஜீனியாவுக்கு வந்த ஆங்கிலேயர் நிலத்திற் குடியேறி உழுதுண்ண வந்தவர்கள். வன்னிக்கு வந்தவர்களோ கோட்டையிற் படை நிறுத்தி, வரி தண்டி, ஆட்சி செய்ய வந்தவர்கள். ஆதலின் இங்கு அவர்தம் சுவடுகளைக் கோட்டையிலும் கச்சேரியிலும் போர்க்களத்திலுமே தேடவேண்டும்.

வன்னியை ஆங்கிலேயர் நேரே வன்னியரிடமிருந்து பெற்றாரல்லர். யாழ்ப்பாணப் பட்டினத்தைக் கைக்கொண்ட ஒல்லாந்தர்க்கு வன்னியர் எளிதிற் பணியவில்லை. 1782இல் நிகழ்ந்த கடும்போரின் பின்னரே ஒல்லாந்தர் அந்நிலத்தை அடக்கினர். நாகெல் என்னும் படைத்தலைவன் முல்லைத்தீவிலிருந்து அதனை ஆண்டான். 1795இல் ஆங்கிலேயர் திருகோணமலையையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றியபோது, முல்லைத்தீவுக் கோட்டையும் அவர்வசமாயிற்று. மக்கள் மனத்தில் பழைய தலைமை மறையுமுன்னரே ஆள்வோர் மாறினர் என்க.

1803ஆம் ஆண்டு ஆங்கிலேயர்க்கு இடர் மிகுந்த ஆண்டு. தேசாதிபதி நோர்த் கண்டிமீது தொடுத்த போர் தோல்வியில் முடிந்தது. கண்டியில் நிறுத்தப்பட்ட படை ஜூன் மாதத்தில் அழிந்தது. அவ்வேளையிற் கிளர்ந்தெழுந்த பண்டாரவன்னியன், ஓகஸ்ட் 25ஆம் நாள் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். அங்கிருந்த கப்டன் வொன் டிறிபேர்க்கும் படையினரும் கடல்வழியே தப்பினர். பின்னர் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூவிடங்களிலிருந்தும் படைகள் ஏவப்பட்டன. ஒக்டோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவில் டிறிபேர்க் வன்னியனை முறியடித்தான். இரு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட காலம் 67 நாள்களே.

ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவில், அப்போரின் நினைவாக ஆங்கிலேயர் காலத்திலே ஒரு கல் நாட்டப்பட்டது. அதன் வாசகம் மிகச் சுருங்கியது: இவ்விடத்துக்கு அண்மையில் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனை இன்ன நாளில் முறியடித்தான் என்பதே அது. கோட்டை வன்னியன் கைப்பட்ட செய்தி அதில் இல்லை. வன்னியன் இறந்தான் என்றும் அது கூறவில்லை. அவன் அன்றே வீழ்ந்தான் என்பாரும் உளர். தப்பிச் சென்று, சில ஆண்டுகளின் பின் பனங்காமப் பகுதியில் இறந்தான் என்பாரும் உளர். வென்றோர் தம் வெற்றியை உரைக்கவே கல் நாட்டினர்; ஆயினும் அக்கல்லே தோற்றவன் பெயரை அம்மண்ணில் நிலைபெறச் செய்தது. டிறிபேர்க்கைப் போற்றுவார் இன்று எவருமிலர். வன்னியனுக்கு வவுனியா நகரிற் சிலையுண்டு. நாடகமும் நாவலும் அவன் பெயரால் எழுந்தன.

ஆங்கில ஆட்சியின் அடுத்த நிலையைக் காண விழைவோர் வவுனியாவை நோக்கவேண்டும். 1833இல் வடமாகாணம் அமைந்தபோது வன்னியும் அதனுள் அடங்கியது. முல்லைத்தீவிலிருந்த ஆட்சித் தலைமை நாளடைவில் வவுனியாவுக்கு மாறியது. வாளுக்குப் பின் ஏடு வந்தது. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய நூல், இன்றும் ஆய்வாளர்க்கு இன்றியமையாதது. ஆள்வோன் கண்கொண்டு எழுதிய நூலாதலின், அதனையும் கல்லைப் போன்றே ஆராய்ந்து கொள்ளல் வேண்டும்.

ஆள்வோர் ஏட்டில் இடம்பெறாதவற்றை மக்கள் வேறு வழியிற் காத்தனர். வற்றாப்பளைக் கண்ணகையம்மன் பொங்கலில் கடல்நீரால் விளக்கெரிக்கும் மரபும், முள்ளியவளைப் பகுதியில் ஆடப்படும் கோவலன் கூத்தும் தலைமுறை தலைமுறையாக வருவன. சம்பளம் பெற்றோர் பழைய உடையணிந்து நடித்துக் காட்டுவதை மேனாட்டார் வாழும் வரலாறு என்பராயின், தாமே வழிபட்டும் ஆடியும் காக்கும் இம்மரபை என்னென்பது?

முல்லைத்தீவுக் கோட்டை இன்று முழுவடிவில் நிற்கவில்லை. 2004இல் ஆழிப்பேரலையும் 2009இல் முடிந்த போரும் அக்கரையோரத்தை அழித்தன. இடம்பெயர்ந்த குடும்பங்களோடு ஓலைச்சுவடியும், உறுதியும், முதியோர் வாய்மொழியும் சிதறின. எஞ்சியவற்றைத் தொகுக்கும் பணி காலந்தாழ்த்தற்குரியதன்று. ஜேம்ஸ்ரவுண் மூலக் கோட்டையின் தடம், ஆற்றில் அழிந்துபோயிற்று என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1994இல் தொடங்கிய அகழாய்வே அதனை மீட்டது. முல்லைத்தீவிலும் கற்சிலைமடுவிலும் மண்ணை முறையாக ஆராய்ந்து, இரு தரப்பார் செய்தியையும் ஓரிடத்தில் எழுதிவைத்தல் இயலாத செயலன்று.

அதுவரை, அங்கு செல்லும் மாணவர் கையில் ஏடும் எழுதுகோலும் இருத்தல் வேண்டும். கல்லில் உள்ளதைப் படித்தபின், அதனை எழுதியவர் யார், எழுதாது விட்டது எது என வினவுக. அருகிலுள்ள முதியோரை அடுத்து, அவர் கூறுவதைப் பெயரும் நாளும் இட்டுக் குறித்துக்கொள்க. நாளை எழுதப்படும் வன்னி வரலாற்றுக்கு அக்குறிப்பேடுகளும் சான்றாகும்.