கன்சோலில் இடம் போதாதபோது: எதை அழிக்கலாம், எதைக் காக்க வேண்டும்

2020 நவம்பரில் சோனி நிறுவனம் வெளியிட்ட பிளேஸ்டேஷன் 5 கன்சோலின் சேமிப்பகம் 825 ஜிகாபைட் என்று அறிவிக்கப்பட்டிருந்தாலும், கருவியை இயக்கும் அடிப்படை மென்பொருளும் அது தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளும் பகுதியும் போக, விளையாட்டுகளுக்கு எஞ்சுவது ஏறத்தாழ 667 ஜிகாபைட் மட்டுமே. அதே மாதம் வெளிவந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் கன்சோலில் 512 ஜிகாபைட் என்பது 364 ஆகச் சுருங்குகிறது. பெரிய விளையாட்டு ஒன்று நூறு ஜிகாபைட்டைத் தாண்டுவது இன்று இயல்பாகிவிட்டதால், விலை கொடுத்து வாங்கிய பத்துப் பெரிய விளையாட்டுகளை ஒரே நேரத்தில் கருவியில் வைத்திருக்க இயலாத நிலையிலேயே பெரும்பாலான வீடுகள் இருக்கின்றன.

இந்த நெருக்கடி எப்போதும் இவ்வடிவில் இருந்ததில்லை. 1980களின் கன்சோல்களில் விளையாட்டு முழுவதும் கார்ட்ரிட்ஜ் என்னும் செருகுபெட்டியிலேயே இருந்தது. ஆடுபவர் எந்தக் கட்டம்வரை முன்னேறினார் என்ற சிறு குறிப்புக்கு மட்டுமே தனியிடம் தேவைப்பட்டது. 1994இல் ஜப்பானில் அறிமுகமான முதல் பிளேஸ்டேஷனில் விளையாட்டு குறுந்தட்டிலிருந்து நேரடியாக ஓடியது. முன்னேற்றக் குறிப்புகளோ 128 கிலோபைட் கொண்ட மெமரி கார்டில், 15 கட்டங்களுக்குள் அடங்கவேண்டியிருந்தது. 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4 காலத்துக்குள், புளூ ரே தட்டைப் படிக்கும் வேகம் விளையாட்டின் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாமல் போனதால், தட்டில் உள்ள விளையாட்டையும் கருவிக்குள் படியெடுத்த பின்னரே ஆட முடியும் என்றானது. இவ்வாறு, மீண்டும் பெறக்கூடிய விளையாட்டுத் தரவும், மீண்டும் பெற இயலாத முன்னேற்றக் குறிப்பும் ஒரே சேமிப்பகத்துக்குள் வந்து சேர்ந்தன. இடத்தை நிர்வகிப்பது குறித்த எந்த முடிவும் இவ்விரண்டையும் பிரித்தறிவதிலிருந்தே தொடங்கவேண்டும்.

விளையாட்டுகள் இவ்வளவு பருத்ததற்குக் கூர்மையான படங்களும், பல மொழிக் குரல்பதிவுகளும் காரணம் என்பது பரவலாகத் தெரிந்ததே. அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று பழைய ஹார்ட் டிஸ்கின் அமைப்பில் இருக்கிறது. சுழலும் தட்டுகளின்மீது ஒரு முனை நகர்ந்து நகர்ந்து தரவைப் படிக்கும் அக்கருவியில், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு முனை செல்வதற்கே பல மில்லி வினாடிகள் வீணாகும். இதைத் தவிர்க்க, ஒரு தெருக்காட்சிக்குத் தேவையான எல்லாவற்றையும் அடுத்தடுத்து எழுதி வைக்கும் வழக்கம் உருவானது. தபால்பெட்டி போன்ற ஒரு பொருள் நகரின் பல தெருக்களில் வருமானால், அதன் தரவும் அத்தனை முறை எழுதப்பட்டது. பிளேஸ்டேஷன் 5 கருவியை வடிவமைத்த மார்க் செர்னி, 2020 மார்ச்சில் ஆற்றிய தொழில்நுட்ப உரையில், 'மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன்' விளையாட்டில் சில தரவுத் துண்டுகள் ஹார்ட் டிஸ்கில் 400 முறை எழுதப்பட்டிருந்ததைக் குறிப்பிட்டார். நகரும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகம் எந்த மூலையில் உள்ள தரவையும் உடனடியாக எடுத்துத் தருவதால், இப்பிரதிகளுக்குத் தேவையில்லாமல் போனது. இந்த வழக்கம் எவ்வளவு இடத்தை விழுங்கியது என்பதற்குக் கணினி உலகில் அண்மைச் சான்று உண்டு: 'ஹெல்டைவர்ஸ் 2' விளையாட்டின் கணினிப் பதிப்பிலிருந்த பிரதிகளை 2025 இறுதியில் அதன் உருவாக்குநர்கள் நீக்கியபோது, ஏறத்தாழ 154 ஜிகாபைட்டாக இருந்தது 23 ஜிகாபைட்டாகக் குறைந்தது. இடப் பற்றாக்குறையின் பொறுப்பு முழுவதையும் வாங்குபவர்மீது சுமத்துவது நியாயமாகாது என்பதை இந்த எண்கள் தெளிவாகக் காட்டுகின்றன.

ஆயினும் நாள்தோறும் முடிவெடுக்கவேண்டியவர் ஆடுபவரே. இன்றைய கன்சோல்களில் ஒரு விளையாட்டை அழித்தாலும் அதன் முன்னேற்றக் குறிப்பு கருவியிலேயே தங்கிவிடும் என்பதைப் பலர் அறியாததால், ஆடி முடிக்காத விளையாட்டை நீக்க அஞ்சித் தயங்குகிறார்கள். நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியில், சின்னத்தையும் குறிப்பையும் விட்டுவைத்து விளையாட்டை மட்டும் அகற்றும் தனி வசதியே இருக்கிறது. உண்மையான ஆபத்து, கருவியே பழுதாகும்போது வருவது. எக்ஸ்பாக்ஸ் இக்குறிப்புகளைக் கட்டணமின்றித் தன் இணையக் கிடங்கில் படியெடுத்து வைக்கிறது. பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுகளின் குறிப்புகளையோ யூ.எஸ்.பி. கருவியில் படியெடுக்க வழியில்லை, இணையத்தில் வைக்கவேண்டுமானால் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா செலுத்தியாகவேண்டும். சில மெகாபைட்டுகளே கொண்ட, ஆடுபவரின் சொந்த உழைப்பான ஒன்றைக் காப்பதற்குச் சந்தா கேட்பது ஏற்கத்தக்கதன்று.

கூடுதல் இடம் வேண்டுவோருக்குப் பிளேஸ்டேஷன் 5இல் இரு வழிகள் உண்டு. 2021 செப்டம்பர் மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு, கருவிக்குள் எம்.2 வகை எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தலாம், அது நொடிக்கு 5,500 மெகாபைட் வேகத்தில் படிக்கக்கூடியதாக இருப்பது நல்லது என்று சோனி பரிந்துரைக்கிறது, சூட்டைக் கடத்தும் உலோகத் தகடும் கட்டாயம் தேவை. இதைவிட மலிவானது யூ.எஸ்.பி. வழியாக இணைக்கும் வெளிச் சேமிப்பகம். பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுகள் அதிலிருந்தே ஓடும், பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுகளை அதில் வைத்திருக்கலாமே தவிர அங்கிருந்து ஆட முடியாது. குதிரில் நெல்லைக் கொட்டி வைத்து வேண்டும்போது வேண்டிய அளவு எடுப்பதுபோல, இப்போது ஆடாதவற்றை வெளியே வைத்து, ஆடும் காலத்தில் உள்ளே மாற்றிக்கொள்ளும் முறை இது. நொடிக்கு 40 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் நூறு ஜிகாபைட்டைப் பதிவிறக்க ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதையும், பல இணைப்புகளில் மாதாந்திரத் தரவு வரம்பு இருப்பதையும் எண்ணினால், அழித்துவிட்டு மீண்டும் பதிவிறக்குவதைவிட இதுவே மேலானது. தனியாள் கதைப் பகுதியையும் இணைய ஆட்டப் பகுதியையும் தனித்தனியே நீக்க இடந்தரும் விளையாட்டுகளில் அவ்வசதியைப் பயன்படுத்துவதும், கோப்பை வெல்லும்போதெல்லாம் கருவி தானாகவே சேமிக்கும் காணொளிகளை அமைப்புகளில் நிறுத்திவைப்பதும் சிறு உதவிகளே.

அழித்ததை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்ற நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. 2014 ஆகஸ்டில் கொனாமி நிறுவனம் பிளேஸ்டேஷன் 4 கருவிக்கு இலவசமாக வெளியிட்ட 'பி.டி.' என்னும் சிறு திகில் விளையாட்டு, அது முன்னறிவித்த 'சைலன்ட் ஹில்ஸ்' கைவிடப்பட்டதையொட்டி 2015இல் இணையக் கடையிலிருந்து நீக்கப்பட்டது. முன்பே பதிவிறக்கி வைத்திருந்து, இடத்துக்காக அழித்தவர்களும் பின்னர் அதைக் கடையிலிருந்து மீட்க முடியவில்லை. அது நிறுவப்பட்டிருந்த பழைய கருவிகள் பெரும் விலைக்கு விற்கப்படும் நிலை உருவானது. ஆகவே, தட்டாக வாங்காமல் பதிவிறக்கமாக மட்டுமே பெற்ற விளையாட்டு எதையும் நீக்குமுன், அது கடையிலும் தம் கணக்கின் பட்டியலிலும் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். கடையிலிருந்து விலக்கப்பட்டதாக இருந்தால், எத்தனை ஜிகாபைட் பிடித்தாலும் அதற்கு இடம் விட்டு, வேறொன்றையே அழிக்கவேண்டும்.